1:10-க்கு அடிச்சுக் காட்டினாங்க, நான் 12:50-க்குக் கேட்டிருக்கணும்

ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியம் போனவங்களுக்கு நான் சொல்ல வர்றது சட்டுனு புரிஞ்சிடும். அங்க ஒரு பெரிய கடிகாரம் இருக்குல்ல, மணி அடிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடியே கூட்டம் மொத்தமும் அது எதிர்ல வந்து உக்காந்துடும், தாடி வச்ச குட்டி பொம்மை ஒண்ணு வெளிய வந்து டங் டங்குனு அடிச்சுட்டு உள்ள போயிடும், அவ்ளோதான், அதுக்கே எல்லாரும் கை தட்டுவாங்க. அந்த பொம்மைய சுண்டுவிரல் நகம் சைஸுக்கு சுருக்கி சட்டைப் பைல போடற கடிகாரத்துக்குள்ள நிக்க வச்சா எப்படி இருக்கும்? அதான் ஆட்டோமேட்டன் பாக்கெட் வாட்ச். 200 வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது இன்னிக்கும் லண்டன்லயும் ஜெனீவாலயும் ஏலத்துக்கு வருது. நான் ஒண்ணு வாங்கினேன். வாங்கி எப்படி ஏமாந்தேன், இல்ல ஏமாந்தேன்னு சொல்றது கூட தப்பு, நானே போய் எப்படி மாட்டிக்கிட்டேன்ங்கறதைத்தான் சொல்லப் போறேன்.

லண்டன் வந்து பதினோரு வருஷம் ஆச்சு, வேலை ஐடி. இந்தப் பைத்தியம் ஆரம்பிச்சது திப்புவோட புலிகிட்டதான். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு, 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணத்துல எடுத்துட்டு வந்தது, புலி ஒரு வெள்ளைக்காரன் மேல ஏறி கழுத்தைக் கவ்விட்டிருக்கும், கைப்பிடியச் சுத்தினா அவன் கை மேல போகும், உள்ள இருக்கற துருத்தியிலேர்ந்து முனகல் சத்தம் வரும். மரத்துல செஞ்ச ஒரு பொருள் வலியில முனகறத முதல் தடவை வீடியோவுல கேட்டப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அதுக்கப்புறம் பிரிட்டிஷ் மியூசியத்துல 38, 39-ம் நம்பர் ரூம்ல இருக்கற கடிகாரங்க, அதுக்கப்புறம் ஏல கேட்டலாக், அதுக்கப்புறம் பர்ஸ் காலி.

முதல்ல சரக்கு என்னன்னு சொல்லிடறேன். மின்சார விளக்கு இல்லாத காலத்துல ராத்திரி மணி பாக்க முடியாது, அதனால ஒரு பொத்தானை அமுக்கினா கடிகாரமே மணி அடிச்சுச் சொல்ற ரிப்பீட்டர்னு ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. 1687 வாக்குல லண்டன்ல எட்வர்ட் பார்லோவுக்கும் டேனியல் குவேருக்கும் இது யாரோடதுன்னு சண்டை, இரண்டாம் ஜேம்ஸ் ராஜா வரைக்கும் போய் கடைசில குவேர் பக்கம் தீர்ப்பாச்சு. குவார்ட்டர் ரிப்பீட்டர்னா எத்தனை மணியோ அத்தனை ஒத்தை அடி, அதுக்கு மேல எத்தனை கால் மணி ஆகியிருக்கோ அத்தனை ஜோடி அடி. 3:50-ன்னா மூணு "டிங்", மூணு "டிங்-டாங்". இதை மனசுல வச்சுக்கங்க, என் கதை மொத்தமும் இதுலதான் இருக்கு.

1800-லேர்ந்து 1820 வரைக்கும் ஜெனீவாக்காரங்க இந்த ரிப்பீட்டருக்கு மேல ரெண்டு தங்க பொம்மைய டயலோட ரெண்டு பக்கமும் நிக்க வச்சாங்க, கைல சுத்தியல், நடுவுல மணி. ஐரோப்பாவுல சர்ச் கோபுரத்து மேல மணி அடிக்கற ஆள் பொம்மைக்கு ஜாக்மார்னு பேரு, அதே பேரு இதுக்கும். பொம்மை அடிச்சு சத்தம் வர்றதில்லை, அது சும்மா பாவ்லா. நிஜ சத்தம் உள்ள சுருட்டி வச்சிருக்கற எஃகுக் கம்பியிலேர்ந்து வருது, அந்தக் கம்பிய அடிக்கற சுத்தியலோட அச்சுலேர்ந்து ஒரு நெம்புகோல் பொம்மையோட தோளுக்குப் போகும், உள்ள சுத்தியல் அசைஞ்சா வெளிய கை அசையும். பின்னணி பாடகர் பாட ஹீரோ வாயசைக்கற கதைதான்.

இதே ஜெனீவாவுல பிகே, மேலான்னு ரெண்டு பேர் 1811-லேர்ந்து 1828 வரைக்கும் கூட்டா தொழில் பண்ணாங்க, அவங்க செஞ்சதுல பொத்தானை அமுக்கினா நாய் குரைக்கற வாட்ச் கூட இருக்கு, மணிக்கு பதிலா வவ் வவ்! இன்னொரு வகையில முறுக்கின கண்ணாடிக் கம்பி சுத்தும், பாத்தா தண்ணி கொட்டற மாதிரியே தெரியும். ரோஷா சகோதரர்கள் வேலைன்னு சொல்ற ஒரு ஜோடி கைத்துப்பாக்கி, விசைய இழுத்தா குண்டுக்கு பதிலா குழாய் வாயிலேர்ந்து குருவி வந்து பாடும், அது 2011-ல ஹாங்காங்ல கிறிஸ்டீஸ் ஏலத்துல சுமார் 58 லட்சம் டாலருக்குப் போச்சு. அதெல்லாம் வேற உலகம். நம்ம ரேஞ்சு பேர் தெரியாத பட்டறைல செஞ்ச சாதா ஜாக்மார்தான், அதுவே ஆயிரக்கணக்குல பவுண்டு.

சரி, கதைக்கு வர்றேன். லண்டன்ல ஒரு ஏல கம்பெனி, பேர் வேண்டாம். கேட்டலாக்ல சுமார் 1815, தங்க கேஸ், குவார்ட்டர் ரிப்பீட்டர், ரெண்டு ஜாக்மார், மதிப்பு 2,000-லேர்ந்து 3,000 பவுண்டு. ஏலத்துக்கு மூணு நாள் முன்னாடி பொருளைக் கையில எடுத்துப் பாக்க விடுவாங்க, யார் வேணா போகலாம், காசு கிடையாது, கோட்டு சூட்டு எல்லாம் வேண்டாம், நான் போட்டிருந்தது மழைல நனைஞ்ச ஜாக்கெட். கண்ணாடி அலமாரியிலேர்ந்து ஒரு பையன் எடுத்து வெல்வெட் தட்டுல வச்சான். முள்ளு 1:10-ல நின்னுட்டிருந்தது. "அடிச்சுக் காட்டட்டுமா"ன்னு கேட்டான், மேல இருக்கற வளையத்தோட கழுத்தை உள்ள அமுக்கி விட்டான், இடது பக்கத்து பொம்மை கையத் தூக்கி ஒரு அடி, டிங். அவ்ளோ அழகா இருந்துச்சு சத்தம், குழந்தை சிரிச்ச மாதிரி. நான் லூப்ப (கண்ணுல வச்சுப் பாக்கற குட்டி பூதக்கண்ணாடி) எடுத்து டயலைப் பாத்தேன், பின் மூடியத் திறந்து மெஷினைப் பாத்தேன், ஃபியூசி செயின் (ஸ்பிரிங்கோட இழுவைய மெஷினுக்குக் கொண்டு போறது, சைக்கிள் செயினை எறும்புக்கு செஞ்ச மாதிரி இருக்கும்) அறுந்து போகாம இருக்கான்னு பாத்தேன், எல்லாம் தெரிஞ்ச மேதாவி மாதிரி தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

கண்டுபிடிச்சிருப்பீங்க. 1:10-ன்னா மணி ஒண்ணு, கால் மணி ஜீரோ. ஒரே ஒரு ஒத்தை அடி. என் வாட்சுல ஒத்தை அடி இடது பொம்மையோட வேலை, ஜோடி அடிக்குத்தான் வலது பொம்மை கையத் தூக்கணும். வலது பொம்மை அசையறத நான் பாக்கவே இல்ல, பாக்கலங்கறது கூட எனக்கு உறைக்கல.

ஏலத்தன்னிக்கு ஆபீஸ் மீட்டிங்ல மியூட் போட்டுட்டு இன்னொரு ஸ்கிரீன்ல ஏலம் கேட்டேன். 2,000, 2,200, 2,400, எவனோ ஒருத்தன் விடாம வந்தான், 2,600 நான் அடிச்சேன், சுத்தியல் விழுந்துச்சு. சந்தோஷத்துல கணக்கு மறந்துடும், அதனால இங்கயே எழுதிடறேன். 2,600-ங்கறது சுத்தியல் விலை மட்டும்தான். அதுக்கு மேல வாங்கறவங்க கமிஷன் 26 சதவீதம், அது 676 பவுண்டு, அந்தக் கமிஷனுக்கு வாட் வரி 20 சதவீதம், 135 பவுண்டு 20 பென்ஸ். மொத்தம் 3,411 பவுண்டு 20 பென்ஸ். வேற கம்பெனியோட ஆன்லைன் தளம் வழியா கேட்டா அதுக்கு தனியா சில சதவீதம். வெளிநாட்டுலேர்ந்து வந்த பொருளா இருந்தா லாட் நம்பர் பக்கத்துல ஒரு குட்டி நட்சத்திரமோ கத்தி மாதிரி ஒரு குறியோ போட்டிருப்பாங்க, அப்ப சுத்தியல் விலைக்கே இறக்குமதி வரி சேரும், அந்தக் குறிக்கு என்ன அர்த்தம்னு கேட்டலாக் கடைசி பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும். கமிஷனும் வாட்டும் சேந்தா சுத்தியல் விலையப் போல 1.312 மடங்கு ஆகுது, அதனால இப்பல்லாம் நான் என் கைல இருக்கற தொகைய கொஞ்சம் தாராளமா 1.32-ஆல வகுத்து, வர்ற நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டிட்டுத்தான் உக்கார்றேன்.

வாட்ச் வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரி எட்டு நாப்பது இருக்கும், முள்ளை சரியான நேரத்துக்கு வச்சு, டைனிங் டேபிள் லைட்டுக்கு கீழ எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சு அமுக்கினேன். எட்டு டிங், ரெண்டு டிங்-டாங். நான் கண்ண மூடி ரசிச்சிட்டிருக்கேன். "ஏங்க, இந்தப் பக்கத்து ஆளு சும்மாவே நிக்கறானே, அவனுக்கு லீவா"ன்னு என் வீட்டுக்காரி கேட்டா.

திரும்ப அமுக்கினேன், திரும்ப அமுக்கினேன். சத்தம் ரெண்டும் வருது, வலது கை அசையவே இல்ல. சத்தம் சரியா இருந்ததாலதான் காது ஏமாந்துச்சு, உள்ள சுத்தியல் வேலை செய்யுது, அங்கேர்ந்து பொம்மைக்குப் போற நெம்புகோல் மட்டும் தொடுப்பு விட்டிருக்கு.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். ரொம்ப மரியாதையா பதில் வந்துச்சு, விற்பனை நிபந்தனைல இத்தனாவது பத்தியப் பாருங்க, கடிகாரங்க ஓடும்னு நாங்க எந்த உத்தரவாதமும் தரலை, பொருள் உள்ளபடியே விக்கறோம், முன்னாடியே பாத்து திருப்தி ஆகிக்கறது வாங்கறவங்க பொறுப்பு. கண்டிஷன் ரிப்போர்ட்ல (பொருள் எந்த நிலைல இருக்குன்னு கம்பெனி எழுதித் தர்ற குறிப்பு) என்ன போட்டிருந்தாங்கன்னு திரும்ப எடுத்துப் பாத்தா "ரிப்பீட்டர் அடிக்கிறது"ன்னு மட்டும் இருக்கு. அடிக்கிறதுதான்! ரெண்டு பொம்மையும் அசையுதுன்னு யாரும் சொல்லவே இல்ல. போன்ல ஒரு தடவை கேட்டேன், "எல்லாம் நல்லா இருக்கு சார்"னு சொன்னாங்க, அது எழுத்துல இல்ல. அதுலேர்ந்து நான் போன்ல எதுவும் கேக்கறதில்ல, எல்லாம் மெயில்தான், கேள்வியும் தனித்தனியா: முள்ளை 12:50-க்கு வச்சு அமுக்கி வீடியோ அனுப்புங்க. பன்னெண்டு ஒத்தை அடி, மூணு ஜோடி அடி, இதுக்கு மேல அதுக்கு வேலையே கிடையாது, எங்க தடுக்கினாலும் அதுல தெரிஞ்சிடும், ஸ்பிரிங் பலம் இல்லாம பாதி வழில மூச்சு வாங்கினாலும் தெரிஞ்சிடும். வாட்ச் ஓடலனாலும் பரவால்ல, ரிப்பீட்டருக்கு தனி ஸ்பிரிங், அமுக்கறப்பதான் அதுக்கு சாவியே ஏறுது, முள்ளு எங்க இருக்கோ அதை அடிக்கும்.

ரிப்பேருக்கு யார்கிட்ட குடுக்கறதுன்னு ஒரு மாசம் அலைஞ்சேன். பிரிட்டிஷ் ஹாரலாஜிக்கல் இன்ஸ்டிட்யூட்னு ஒரு சங்கம் நாட்டிங்ஹாம்ஷயர்ல அப்டன் ஹால்ல இருக்கு, அவங்ககிட்ட அங்கீகாரம் வாங்கின ரிப்பேர்காரங்க லிஸ்ட் கிடைக்கும், அதுலேர்ந்து ஒரு பெரியவரைப் பிடிச்சேன். போன உடனே அவர் வாட்ச வாங்கல, முதல்ல என் கையத்தான் பாத்தாரு, "எத்தனை தடவை அமுக்கின"ன்னு கேட்டாரு. ஒரு முப்பது தடவை இருக்கும்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, பெருமூச்சு விட்டாரு.

அன்னிக்கு அந்த பெஞ்சுல உக்காந்து பாத்தது எந்தப் புக்லயும் எனக்குக் கிடைக்காதது. முள்ளைக் கழட்டி, டயலை எடுத்து, பொம்மைங்க நிக்கற தட்டை எடுத்து திருப்பிப் போட்டாரு. முன்பக்கம் நாலு கலர் தங்கத்துல, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, லேசா பச்சை, அப்படி ஒரு வேலைப்பாடு. திருப்பினா பின்பக்கம் வெறும் தகரக் கொட்டாய் மாதிரி, கீறலும் எண்ணெய்ப் பிசுக்கும். வலது பொம்மையோட தோளுக்குப் பின்னாடி சாம்பல் கலர்ல ஒரு கட்டி, மூக்குத்தித் திருகாணி அளவுக்கு. ஈயப் பத்து! எப்பவோ எவனோ ஒருத்தன் தேஞ்சு போன பின்னை மாத்தறதுக்கு சோம்பேறித்தனப்பட்டு ரேடியோ ரிப்பேர் பண்ற மாதிரி ஈயத்தை வச்சு பத்த வச்சிருக்கான், அது கொஞ்ச நாள் அடிச்சிருக்கும், அப்புறம் விட்டுப் போயிருக்கு, இடிக்காம இருக்கட்டும்னு அடுத்தவன் நெம்புகோலை வளைச்சு ஓரமா ஒதுக்கிட்டான். ஈயம் போன இடத்துல தங்க மெருகு திரும்ப வராது, எவ்ளோ சுரண்டினாலும் கறை மாதிரி நிக்கும்னு சொன்னாரு. லூப் வழியா பாத்தப்ப எனக்கு கோபம் வரல, ஏனோ அந்த பொம்மை மேல பாவமா இருந்துச்சு.

எட்டு மாசம், 1,150 பவுண்டு. ஆக மொத்தம் வாங்கின விலைல மூணுல ஒரு பங்கு ரிப்பேருக்கே போச்சு. இதைத்தான் ஏலத்துக்கு முன்னாடி கணக்குப் போட்டிருக்கணும், பழைய சாவி வாட்ச் எதுவா இருந்தாலும் சர்வீஸ் செலவு உண்டுன்னு வச்சுக்கிட்டுத்தான் விலை கேக்கணும், "நல்லா ஓடுது"ன்னு போட்டிருந்தாலும் உள்ள இருக்கற எண்ணெய் காஞ்சு கோந்தாகி இருக்கும்.

அந்த எட்டு மாசத்துல அவர் அப்பப்ப சொன்னதும் நான் பட்டதும் கலந்து சொல்றேன். அமுக்கறப்ப முழுசா அமுக்கணும், பாதில விடக்கூடாது. பிந்தி வந்த ரிப்பீட்டர்ல முழுசா அமுக்கினாத்தான் அடிக்கும், இல்லன்னா அடிக்கவே அடிக்காது, அப்படி ஒரு பூட்டு வச்சிருப்பாங்க. பல பழசுல அது கிடையாது, பாதி அமுக்கினா பாதி மணி அடிக்கும், எட்டு மணிக்கு அஞ்சு அடிச்சா வாட்ச் கெட்டுப் போச்சுன்னு நினைக்காதீங்க, உங்க கட்டைவிரல்தான் கெட்டுப் போயிருக்கு. அடிச்சிட்டிருக்கறப்ப முள்ளைத் தொடவே கூடாது, உள்ள பல் உடையும். முள்ளை நகர்த்தறதா இருந்தா நான் முன்னாடி மட்டும்தான் நகர்த்துவேன், அதுவும் சரியான சைஸ் சாவியால, லூசா இருக்கற சாவிய வச்சு திருகினா சதுர முனை வட்டமாயிடும்.

பிரெகேன்னு, அந்தக் காலத்துல பாரிஸ்ல இருந்த பேர் பெத்த கடிகாரக்காரர், அவர் பேர் போட்டிருந்தா உடனே நெஞ்சு அடிச்சுக்க வேண்டாம். ஆப்ரகாம் லூயி பிரெகே உயிரோட இருந்தப்பவே அவர் பேர்ல போலி அவ்ளோ ஓடிச்சு, அதனாலயே 1795 வாக்குலேர்ந்து சாய்ச்சுப் பிடிச்சாத்தான் கண்ணுக்குத் தெரியற ரகசியக் கையெழுத்து ஒண்ணை டயல்ல போட ஆரம்பிச்சாரு. ஜாக்மார் வாட்ச் நிறைய அவர் பேரை எழுதிக்கிட்டு சுத்துது, முக்காவாசி அவர் வாசல் பக்கம் கூட போனதில்ல. கேட்டலாக்ல "பிரெகே என்று கையெழுத்திட்டது"ன்னு இருந்தா அப்படி எழுதியிருக்குன்னுதான் அர்த்தம், அவர் செஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. இந்த ஒரு வரிய சரியா படிச்சவன் பொழைச்சான்.

கேஸ்ல இருக்கற நம்பரும் மெஷின்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. இல்லன்னா ரெண்டு வாட்ச உடைச்சு ஒண்ணாக்கினதா இருக்கலாம், தங்க விலை ஏறினப்ப எல்லாம் கேஸை உருக்கிட்டு மெஷினை மட்டும் வேற கேஸ்ல போட்டிருக்காங்க. ஆனா கேஸ் தங்கத்துல அடிச்சிருக்கற அரசாங்க முத்திரைய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஆந்தை முத்திரை இருந்தா அது 1893-க்குப் பிறகு பிரான்ஸுக்குள்ள வந்த தங்கம்னு அர்த்தம், 1815 வாட்சுலயும் இருக்கலாம், அந்த வாட்ச் 80 வருஷம் கழிச்சு பாரிஸ் போய் வித்திருக்கும், அவ்ளோதான். இதைத் தெரியாம நான் ஒரு நல்ல வாட்ச விட்டுட்டேன்.

எனாமலுக்கு (டயல்லயும் கேஸ்லயும் சுட்டு ஒட்ட வைக்கற கண்ணாடிப் பூச்சு) ஒரு குட்டி யூவி டார்ச் வாங்கி வச்சுக்கங்க, நோட்டு செக் பண்ற டார்ச் போதும். சூளைல சுட்ட நிஜ எனாமல் ஒரே மாதிரி தெரியும், விரிசலை பெயின்டால மூடியிருந்தா அந்த இடம் மட்டும் தனியா பளிச்சுனு காட்டிக் குடுத்துடும்.

அப்புறம் ஒரு சங்கடமான சமாச்சாரம். பின் மூடிக்குள்ள ஒளிச்சு வச்ச "பெரியவங்களுக்கு மட்டும்" காட்சி ஓடற வாட்ச் நிறைய வரும், அதுக்கு விலையும் ஜாஸ்தி. ஜாஸ்திங்கறதாலயே சாதா ரிப்பீட்டருக்குள்ள பின்னாடி காலத்துல அந்தக் காட்சிய செஞ்சு சொருகினதும் நிறைய. புது ஸ்க்ரூ, எதுக்குன்னே தெரியாத காலி ஓட்டை, 200 வருஷ மெஷின் நடுவுல நேத்து தேச்ச மாதிரி பளபளக்கற தகடு, இதெல்லாம் இருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

பளபளப்புன்னதும் ஞாபகம் வருது. அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன். "ஏண்டா இவ்ளோ காசு குடுத்தும் மங்கலா இருக்கு, கொஞ்சம் புளி போட்டுத் தேயேன், ஜம்முனு ஆயிடும்"னாங்க. புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் கிட்டயே போகக் கூடாது, அந்தக் காலத்து மெருகு பாதரசம் கலந்து பூசினது, தேச்சா அப்படியே போயிடும், திரும்பப் பூசறது விஷப்புகை வேலை. ஊருக்கு எடுத்துட்டுப் போய் நேர்ல காட்டணும்னு ஆசைதான், ஆனா இந்தியாவுல 1972 சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல பழைய கலைப்பொருளை தனி ஆள் வெளிய கொண்டு போறது பெரிய வம்பு, திரும்பி வர்றப்ப ஏர்போர்ட்ல நின்னு விளக்கம் சொல்ற தெம்பு எனக்கு இல்ல, அதனால அம்மாவுக்கு வீடியோ கால்தான்.

புதுசா ஆரம்பிக்கறவங்க என்னை மாதிரி நேரா 1815-க்குப் போகாதீங்க. 1890-லேர்ந்து 1910 வரைக்கும் சுவிட்சர்லாந்துல மினிட் ரிப்பீட்டரோட (மணி, கால் மணிக்கு மேல நிமிஷத்தையும் அடிச்சுச் சொல்றது) ஜாக்மார் சேத்து செஞ்சாங்க, தலையத் திருகி சாவி குடுக்கறது, லீவர்னு பிந்தி வந்த வகை மெஷின், நேரமும் ஓரளவுக்கு ஒழுங்கா காட்டும், கை வைக்க ரிப்பேர்காரங்களும் கிடைப்பாங்க. பழசோட அழகு இல்ல, அதை ஒத்துக்கறேன், ஆனா ராத்திரி தூக்கம் வரும்.

வாட்ச் இப்ப என் மேஜை டிராயர்ல இருக்கு, மாசம் ஒரு தடவைதான் எடுக்கறது. திரும்பி வந்த அன்னிக்கு முள்ளை 12:50-க்கு வச்சு அமுக்கினேன், வலது பொம்மை மூணு தடவையும் கையத் தூக்கிச்சு, இடது பொம்மைய விட ஒரு நூல் லேட்டா, வேலைல புதுசா சேந்தவன் மாதிரி. அந்த நூல் இடைவெளிய சரி பண்ணவான்னு பெரியவர் கேட்டாரு, இன்னும் 200 பவுண்டாம், வேண்டாம்னுட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு ஏலம் இருக்கு, நீல எனாமல் பின்னணில ஒரு ஜோடி, கேட்டலாக் படத்துல முள்ளு 10:08-ல நிக்குது. பத்து ஒத்தை அடி, ஜோடி அடி ஒண்ணுகூட இல்ல. வீடியோ கேட்டு மெயில் போட்டு நாலு நாள் ஆச்சு, பதில் இன்னும் வரல.